இணைப்பே இசை: ஹைபிரிட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்களின் பேஸ்



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், விலை உயர்ந்த ஹைபிரிட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்கள். அவற்றிலும் குறிப்பாக பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களின் ஒலி. பல லட்ச ரூபாய் கொடுத்து இந்த ஸ்பீக்கரை வாங்க வருகிறவர் கடைக்காரரிடம் முதலில் என்ன கேட்கிறார்? "பேஸ் எப்படி இருக்கும்?" வாங்கிப் பல வருஷம் ஆனவரிடம் அவருடைய நண்பர் என்ன கேட்கிறார்? "பேஸ் போதுமா?" கேள்வியில் தவறில்லை. அதற்கு நாம் ஏற்றுக்கொள்கிற பதிலில்தான் தவறு இருக்கிறது. "பன்னிரண்டு இஞ்ச் வூஃபர் சார், இருபத்திரண்டு ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும் சார்" என்று சொன்னால் தலையாட்டிவிடுகிறோம். எவ்வளவு ஆழம் என்று கேட்டோம், எவ்வளவு கனம் என்று கேட்டோம். அந்த பேஸ் பாட்டோடு எங்கே சேர்கிறது, எப்படிச் சேர்கிறது என்று கேட்டோமா? ஹைபிரிட் ஸ்பீக்கரின் வெற்றியும் தோல்வியும் அந்தச் சேருமிடத்தில்தான் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலில் எலெக்ட்ரோஸ்டாட்டிக் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். சாதாரண ஸ்பீக்கரில் ஒரு காந்தம் இருக்கிறது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருள் முன்னும் பின்னும் போகும், கூம்பு காற்றைத் தள்ளும். 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வகுத்துக் கொடுத்த வழி இது. இன்றைக்கு உலகத்தில் ஒலிக்கும் ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியில்தான் நடக்கின்றன. அதே கெல்லாக், எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் ஒன்றுக்கும் 1934-ல் காப்புரிமை பெற்றார். ஒரே மனிதர் இரண்டு பாதைக்கும் கால்கோள் இட்டிருக்கிறார்.

இந்த இரண்டாவது பாதையில் காந்தம் இல்லை, சுருள் இல்லை, கூம்பும் இல்லை. மைலார் என்னும் பாலியெஸ்டர் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் தடிமன் பத்துப் பன்னிரண்டு மைக்ரான் அளவுதான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. மின்சாரத்தை ஏற்கும்படி அதன்மேல் ஒரு பூச்சு. அந்தப் படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம் கொடுத்து வைக்கிறார்கள். படலத்தின் முன்னால் ஒரு துளையிட்ட தகடு, பின்னால் ஒரு துளையிட்ட தகடு. இவற்றுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் இசை, ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக வோல்டேஜ் ஏறி இந்த இரண்டு தகடுகளுக்கும் போகிறது. ஒரு தகடு இழுக்கும், மறு தகடு தள்ளும். படலம் முழுவதும் ஒரே சமயத்தில், ஒரே விசையோடு அசைகிறது. தகடும் படலமும் சேர்ந்த இந்த அமைப்புதான் பேனல்.

இதில் என்ன அருமை? கூம்பை அதன் நடுவில் பிடித்துத்தான் தள்ளுகிறோம். நடு போகும் வேகத்தில் விளிம்பு போகாமல் நெளியும், அந்த நெளிவும் சத்தத்தில் கலக்கும். இங்கே படலத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் விசை இருக்கிறது. எடையோ இல்லையென்றே சொல்லிவிடலாம். அதனால்தான் ஒரு நல்ல எலெக்ட்ரோஸ்டாட்டிக் பேனலில் குரல் கேட்டவர்களுக்கு அதை மறக்க முடிவதில்லை. பாடகர் மூச்சை இழுப்பது கேட்கும். வயலின் வில் தந்தியைத் தொடும் அந்தக் கணம் கேட்கும்.

இவ்வளவு அருமையான கருவிக்கு பேஸ் மட்டும் ஏன் தகராறு? இரண்டு காரணம். இரண்டும் இயற்கை விதித்தவை.

முதல் காரணம், தூரம். ஒரே அளவு சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதாவது அதிர்வெண் பாதியானால், அதே பரப்புள்ள படலம் நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் வேண்டும். 20 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் வேண்டும். ஆனால் படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் இடமே ஓரிரு மில்லிமீட்டர்தான்! எங்கே போகும் அது? இடைவெளியைக் கூட்டலாமே என்று கேட்கலாம். கூட்டினால் விசை குறையும். விசைக்காக வோல்டேஜைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் காற்றே தாங்காமல் தீப்பொறி பாயும்.

இரண்டாவது காரணம், பின்பக்கம். பேனலுக்குப் பெட்டி கிடையாது. முன்னால் எவ்வளவு ஒலி போகிறதோ அவ்வளவு ஒலி பின்னாலும் போகிறது, ஆனால் எதிர் கட்டத்தில். முன்னால் காற்று அழுந்தும்போது பின்னால் தளர்கிறது. உயர்ந்த சுரங்களில் இதனால் கெடுதல் இல்லை. தாழ்ந்த சுரங்களின் அலைநீளம் வேறு கணக்கு. 1,000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். 40 ஹெர்ட்ஸுக்கு எட்டரை மீட்டர்! ஒன்றேகால் அடி அகலப் பேனல் எட்டரை மீட்டர் அலைக்கு எந்தத் தடையும் இல்லை. பின்னால் புறப்பட்ட ஒலி பேனலைச் சுற்றி முன்னால் வந்து, முன் ஒலியைத் தின்றுவிடுகிறது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 6 டெசிபல் வீதம் பேஸ் சரிந்துகொண்டே போகும்.

இந்த இரண்டையும் எதிர்த்து நின்றவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற சிறு ஊரில் பீட்டர் வாக்கர் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் ஈ.எஸ்.எல். முழுக்க முழுக்க எலெக்ட்ரோஸ்டாட்டிக். பேஸுக்கும் படலம்தான், கூம்பு இல்லை. பேஸ் பகுதிக்கு 6,000 வோல்ட், உயர் சுரங்களுக்கு 1,500 வோல்ட் என்று பிரித்துக் கொடுத்தார். 1963-ல் அடுத்த மாடலுக்கு வேலையைத் தொடங்கி, 1981-ல்தான் அதை வெளியிட்டார். ஒரு ஸ்பீக்கருக்குப் பதினெட்டு வருஷம்! அந்தப் பொறுமையை நான் கைகூப்பி வணங்குகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சவுண்ட்லேப் நிறுவனம் ஆள் உயரத்தையும் மிஞ்சும் பேனல்களைக் கட்டி, பரப்பைக் கொண்டே பேஸை வரவழைத்தது. இவற்றின் பேஸ் அளவில் அடக்கம், தரத்தில் உயர்வு. டபுள் பேஸின் தந்தி இவற்றில் தந்தியாகவே கேட்கும். ஹைபிரிட் ஸ்பீக்கரை எதோடு ஒப்பிட வேண்டும் என்று கேட்டால், நான் இவற்றோடு ஒப்பிடுங்கள் என்பேன். உரைகல் இவைதான்.

ஆனால் உரைகல்லுக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் மார்ட்டின்லோகன் நிறுவனம் சி.எல்.எக்ஸ். என்ற முழு எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் பெருமைக்குரிய படைப்பு அது. அது எங்கே வரை இறங்கியது? 56 ஹெர்ட்ஸ் வரை. டபுள் பேஸின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27 ஹெர்ட்ஸ் சொச்சம். அப்படியானால் மீதியை யார் கொடுப்பது?

இங்கேதான் ஹைபிரிட் பிறக்கிறது. மேலே படலம், கீழே வூஃபர் என்னும் கூம்பு. இது புது யோசனை அல்ல. 1950-களிலேயே அமெரிக்காவில் ஆர்தர் ஜான்சென் செய்த எலெக்ட்ரோஸ்டாட்டிக் ட்வீட்டரை, எட்கர் வில்ச்சரின் அக்கூஸ்டிக் ரிசர்ச் வூஃபர் பெட்டியோடு ரசிகர்கள் தாங்களே சேர்த்து வைத்துக் கேட்டார்கள். 1968-ல் தொடங்கிய இன்ஃபினிட்டி நிறுவனம், தன் முதல் ஸ்பீக்கரான சர்வோ-ஸ்டாட்டிக்கில் எலெக்ட்ரோஸ்டாட்டிக் பேனல்களோடு 18 இஞ்ச் வூஃபர் ஒன்றைச் சேர்த்தது. கூம்பு எப்படி அசைகிறது என்பதை ஆம்ப்ளிஃபயரே கண்காணித்துத் திருத்தும் சர்வோ ஏற்பாடு அதில் இருந்தது. பேஸ் படலத்தோடு ஒத்துப் போக வேண்டும் என்ற கவலை அன்றைக்கே அவர்களுக்கு இருந்திருக்கிறது, பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் கேல் மார்ட்டின் சாண்டர்ஸும் ரான் லோகன் சதர்லாண்டும் மார்ட்டின்லோகன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வளைந்த பேனல் அவர்களுடைய அடையாளம். அவர்களுடைய முதல் ஸ்பீக்கரான மோனோலித், ஒரு ஹைபிரிட்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டுப் புடவை உங்களுக்குத் தெரியும். உடலுக்குத் தனி நூல், கரைக்குத் தனி நூல். தறியில் இருவர் உட்கார்ந்து, உடலையும் கரையையும் இழைக்கு இழை கோத்து நெய்வார்கள். அந்தப் புடவையின் உயிர் உடலிலும் இல்லை, கரையிலும் இல்லை. இரண்டும் கோத்த இடத்தில் இருக்கிறது. ஹைபிரிட் ஸ்பீக்கரும் அப்படித்தான். படலம் உயர்ந்ததாக இருக்கலாம், வூஃபர் உயர்ந்ததாக இருக்கலாம். கோத்த இடம் பிரிந்து நின்றால் கொடுத்த பணம் வீண்.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையை எடுத்துப் பேசியாக வேண்டும். "படலம் வேகமானது, வூஃபர் மந்தமானது. வேகமும் மந்தமும் எப்படி ஒத்துப்போகும்?" என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா? 40 ஹெர்ட்ஸ் சுரம் ஒரு முறை அதிர்ந்து முடிக்க 25 மில்லிசெகண்ட் ஆகிறது. அந்த சுரத்துக்கு அதைவிட வேகம் எதற்கு? 300 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வாசிக்கச் சொன்னால், ஒழுங்காகச் செய்த எந்த வூஃபரும் திணறாமல் வாசிக்கும். அடியின் கூர்மை, தந்தியைச் சுண்டும் அந்த 'டக்' என்ற ஒலி, அதெல்லாம் மேல்தொனி. அதைக் கொடுப்பது பேனல், வூஃபர் அல்ல.

அப்படியானால் பேஸ் பின்தங்குகிறது என்று நம் காது சொல்வது பொய்யா? பொய் இல்லை. காது சொல்வது மெய். நாம் சொன்ன காரணம்தான் தவறு. உண்மையான காரணங்கள் மூன்று.

ஒன்று, பரவும் விதம். பேனல் முன்னும் பின்னும் மட்டும் ஒலிக்கும், பக்கவாட்டில் அடங்கிவிடும். பெட்டியில் வைத்த வூஃபர் நாலாபக்கமும் ஒலிக்கும். ஆகவே பேனலின் ஒலி அறையை ஒரு விதமாகத் தூண்டும், வூஃபரின் ஒலி இன்னொரு விதமாகத் தூண்டும். சேருமிடத்தில் அறையின் குணமே திடீரென்று மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் காது 'மந்தம்' என்கிறது.

இரண்டு, தூரத்தோடு தேயும் விதம். நெட்டையான பேனலின் ஒலி, தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 3 டெசிபல் குறையும். சின்ன வூஃபரின் ஒலி தடையற்ற வெளியில் 6 டெசிபல் குறையும். எனவே எட்டடியில் உட்கார்ந்தால் ஒரு சமநிலை, பதினாறடியில் உட்கார்ந்தால் வேறு சமநிலை. கடையில் சரியாகக் கேட்டது வீட்டில் ஏன் சரியாக இல்லை? பாதி பதில் இங்கே கிடைத்துவிட்டது.

மூன்று, நேரம். வூஃபரின் ஒலியும் பேனலின் ஒலியும் ஒரே கட்டத்தில் காதுக்கு வந்து சேர வேண்டும். ஒலியை வூஃபருக்கும் பேனலுக்கும் பிரித்துக் கொடுக்கும் க்ராஸ்ஓவர் சுற்று இதைக் கவனிக்காவிட்டால், சேரும் இடத்திலேயே இரண்டும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும்.

சரி, இந்தச் சேருமிடம் பாட்டில் எங்கே வருகிறது? அன்பர்களே, இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மார்ட்டின்லோகனின் ஈ.எஸ்.எல். 15ஏ, 13ஏ, 11ஏ மாடல்களில் க்ராஸ்ஓவர் 300 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய ஸ்தாயி ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். தார ஸட்ஜம் 262. தார ஸ்தாயி ரிஷபம் 294. அதைத் தாண்டினால் 300. அப்படியென்றால் மந்தரத்திலிருந்து தார ரிஷபம் வரை பாடகரின் ஆதார ஒலி வூஃபரிலிருந்து வருகிறது! தார காந்தாரத்தை எட்டும்போதுதான் அது பேனலுக்கு மாறுகிறது. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு மத்திய ஸட்ஜம் 196, பஞ்சமம் 294. பஞ்சமத்தைத் தொட்டுத் தாண்டும் இடத்தில் கோர்வை விழுகிறது. கல்யாணியில் ஒரு நிரவல், பஞ்சமத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்றால், குரல் அந்த எல்லையைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது.

இப்போது சொல்லுங்கள், பேஸ் என்பது மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் டபுள் பேஸும் மட்டும்தானா? பாடகரின் நெஞ்சிலிருந்து வரும் கனமே வூஃபரின் பொறுப்பில் இருக்கிறது. குரலின் தெளிவும் நிறமும் மேல்தொனியில் இருப்பதால் அதைப் பேனல் பார்த்துக்கொள்ளும். ஆனால் குரலுக்கு உடம்பு வேண்டாமா? அந்த உடம்பைக் கொடுப்பது கீழே இருக்கும் பெட்டி. அந்தப் பெட்டி சரியில்லை என்றால் கெடுவது பேஸ் மட்டுமல்ல, பாட்டே கெடுகிறது.

இந்தக் கண்ணோடு இப்போது ஸ்பீக்கர்களை ஒப்பிடுவோம்.

மார்ட்டின்லோகன் வழி என்ன? ஈ.எஸ்.எல். 15ஏ-யில் முன்னால் ஒரு 12 இஞ்ச் வூஃபர், பின்னால் ஒரு 12 இஞ்ச் வூஃபர். ஒவ்வொன்றுக்கும் 500 வாட் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நிறுவனத்தின் கணக்கில் 22 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 13ஏ-யில் இரண்டு 10 இஞ்ச், 24 ஹெர்ட்ஸ். 11ஏ-யில் இரண்டு 8 இஞ்ச், 29 ஹெர்ட்ஸ். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இஞ்சும் இல்லை, வாட்டும் இல்லை. இரண்டு விஷயங்கள் பெரிதாகப் படுகின்றன. ஒன்று, முன்னும் பின்னும் வூஃபர் வைத்து, பின்சுவருக்குப் போகும் பேஸைக் கட்டுப்படுத்த முயன்றிருக்கிறார்கள். இன்னொன்று, மைக் வைத்து அறையை அளந்து, வூஃபரை அந்த அறைக்கு ஏற்பத் திருத்தும் ஆன்தம் ரூம் கரெக்‌ஷன். பேனலைத் தொடாமல் பேஸை மட்டும் திருத்துகிறது. படலத்தின் தூய்மை அப்படியே நிற்கும், அறையின் குறும்பு அடங்கும். இது நல்ல யோசனை.

அதே நிறுவனத்தின் ஈ.எஸ்.எல். 9-ல் இந்த வசதி இல்லை. உள்ளே ஆம்ப்ளிஃபயரும் இல்லை, அறைத் திருத்தமும் இல்லை. இரண்டு 8 இஞ்ச் வூஃபர்கள் இருக்கின்றன, உங்கள் ஆம்ப்ளிஃபயரே எல்லாவற்றையும் இயக்கும். க்ராஸ்ஓவர் 380 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைப் பெண் குரலின் தார ஸட்ஜம் 392. அதாவது மத்திய ஸ்தாயி முழுவதுமே வூஃபரில் வேர்விட்டு நிற்கிறது. விலை குறைவு என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அறையை உங்கள் கையாலேயே சரிசெய்யும் பொறுமை உங்களுக்கு வேண்டும்.

உச்சியில் நியோலித் இருக்கிறது. முன்னால் 12 இஞ்ச், பின்னால் 15 இஞ்ச், ஒவ்வொரு ஸ்பீக்கரும் சுமார் 175 கிலோ. இதிலும் உள்ளே ஆம்ப்ளிஃபயர் கிடையாது. பெரிய கூடம், பெரிய ஆம்ப்ளிஃபயர், பெரிய மனம் எல்லாம் இருப்பவருக்கு உரியது. நம் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இதைக் கொண்டுவந்து வைத்தால் ஸ்பீக்கர் தோற்காது, அறை தோற்றுவிடும்.

இன்னொரு வழி, கொலராடோ மாநிலத்து ரோஜர் சாண்டர்ஸ் வழி. மார்ட்டின்லோகனின் சாண்டர்ஸ் வேறு, இவர் வேறு. இவர் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரை வீட்டிலேயே கட்டுவது எப்படி என்று புத்தகமே எழுதியவர். இவருடைய மாடல் 10-ல் பேனல் வளைவில்லை, தட்டை. வூஃபர் ஒரே ஒரு 10 இஞ்ச், நீண்ட பாதை மடித்து வைத்த ட்ரான்ஸ்மிஷன் லைன் பெட்டியில். க்ராஸ்ஓவர் ஸ்பீக்கருக்கு வெளியே, டிஜிட்டலாக. வெட்டும் இடம் 172 ஹெர்ட்ஸ். வெட்டும் செங்குத்து ஸ்தாயிக்கு 48 டெசிபல். பேனலுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், வூஃபருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்.

172 ஹெர்ட்ஸ் என்றால் என்ன? ஒரு கட்டை ஆண் குரலில் அது மத்திய ஸ்தாயி காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே விழுகிறது. ஐந்து கட்டைப் பெண் குரலிலோ ஸட்ஜத்துக்கும் கீழே, மந்தர நிஷாதத்தை ஒட்டிப் போய்விடுகிறது. அப்படியானால் பெண் குரல் ஏறக்குறைய முழுவதும் ஒரே படலத்திலிருந்து வருகிறது. இதுதான் சாண்டர்ஸ் வழியின் பெரிய வெற்றி. கோர்வையைக் கீழே தள்ளினார், வெட்டைக் கூர்மையாக்கினார், இரண்டு கருவியும் சேர்ந்து வாசிக்கும் பகுதியைச் சுருக்கினார். விலை என்ன கொடுத்தார்? தட்டைப் பேனல் உயர் சுரங்களைக் கற்றையாக அனுப்பும். சரியான இடத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்கலாம். குடும்பத்தோடு உட்கார்ந்தால் நடுவில் இருப்பவருக்கு விருந்து, மற்றவர்களுக்கு மிச்சம்.

மூன்றாவது வழியும் உண்டு. ஆர்தர் ஜான்செனின் மகன் டேவிட் ஜான்சென் நடத்தும் நிறுவனம், படலத்தின் பின் ஒலியைப் பெட்டிக்குள்ளேயே உறிஞ்சிவிட்டு முன்னொலியை மட்டும் விடுகிறது. வூஃபரும் மூடிய பெட்டியில். மேலும் கீழும் ஒரே விதமாக ஒலி பரவினால் சேருமிடத்தில் அறையின் குணம் மாறாது அல்லவா? அந்த நியாயத்தில் கட்டியது. பேனலுக்கே உரிய அந்த விரிந்த கூடம் போன்ற உணர்வு கொஞ்சம் குறையும், பேஸின் ஒட்டுதல் கூடும்.

இப்போது அறைக்கு வருவோம். அறையை விட்டுவிட்டு பேஸைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு. ஒரு அறையின் நீளத்தை மீட்டரில் அளந்து, 343-ஐ அதன் இரட்டிப்பால் வகுத்தால், அந்த அறை எந்தச் சுரத்துக்கு ரீங்கரிக்கும் என்று தெரியும். 12 அடிக்கு 12 அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே 47 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். பத்தடி உயரம் என்றால் அதற்கு 56 ஹெர்ட்ஸ். நம் வீடுகளில் சுவர் செங்கல், கூரை கான்கிரீட், தரை டைல்ஸ். அமெரிக்க வீடுகளில் மரச் சட்டத்தில் அறைந்த பலகைச் சுவர் பேஸில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் சுவர் விழுங்காது, திருப்பி அனுப்பும். அங்கே எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு இங்கே வாங்குகிறோம். அங்கே போதாத பேஸ் இங்கே வழியும். அங்கே கச்சிதமாக இருந்தது இங்கே குழறும். 22 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஸ்பீக்கரை 47-ல் ரீங்கரிக்கும் சதுர அறையில் வைத்தால், நீங்கள் கேட்பது ஸ்பீக்கரை அல்ல, சுவரை.

காதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1933-ல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். சத்தம் குறையும்போது தாழ்ந்த சுரங்கள் நம் காதில் வேகமாக மறைந்துவிடும். ஆகவே கடையில் உரக்கப் போட்டுக் காட்டும் பேஸை நம்பாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் கேட்கும் அளவில் போடச் சொல்லுங்கள்.

எதைப் போட்டுச் சோதிப்பது? பூமி அதிரும் சினிமா சத்தம் வேண்டாம். நம்மிடமே உரைகல் இருக்கிறது. சர் சி.வி. ராமன் 1920-லும் பிறகு 1934-லும் மிருதங்கத்தை ஆராய்ந்து எழுதினார். வலந்தலையின் நடுவில் இட்ட கருஞ்சோறு, தோலின் மேல்தொனிகளை ஆதாரத்தின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்று நிறுவினார். மற்ற பல தோல்கருவிகள் வெறும் ஓசை எழுப்பும்போது, மிருதங்கம் சுருதியோடு பேசுவது அதனால்தான். ஆதாரமும் மேல்தொனியும் ஒரே தோலில், ஒரே கணத்தில் பிறக்கின்றன. தொப்பியில் கும்கி எழும்போது கவனியுங்கள். கை மேலே வழுக்கிப் போக, தாழ்ந்த ஒலி வளைந்து ஏறுகிறது. நல்ல ஹைபிரிட்டில் அந்த வளைவு ஒரே கோடாக ஏறும். கெட்ட ஹைபிரிட்டில் பாதி வழியில் படி தெரியும், விரல் ஓரிடத்திலும் ஓசை வேறிடத்திலும் இருக்கும். தம்புரா இன்னும் கடுமையான பரீட்சை. ஒரு கட்டையில் மந்தரத் தந்தி 65 ஹெர்ட்ஸ். தந்தியின் அடியில் வைக்கும் ஜீவாளி நூல் எழுப்பும் மேல்தொனிகள் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை போகும். அடியும் நுனியும் ஒரே தந்தியிலிருந்து வருவதாகக் கேட்கிறதா? கேட்டால் அந்த ஸ்பீக்கர் தேறிவிட்டது.

தீர்ப்பைச் சொல்லி முடிக்கிறேன். அறையை மாற்ற முடியாதவர், பலரோடு உட்கார்ந்து கேட்பவர் மார்ட்டின்லோகனின் ஏ வரிசையில் அறைத் திருத்தம் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். நம் அளவு அறைகளுக்கு 15ஏ-யைவிட 13ஏ-யும் 11ஏ-யும் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பது என் உறுதியான எண்ணம். தனியாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, குரலே பிரதானம் என்று கேட்பவருக்கு சாண்டர்ஸ் வழி மேலானது. பேஸ் அளவாக இருந்தால் போதும், ஒரு இழைகூடப் பிரியக் கூடாது என்பவர், பெரிய அறையும் இருந்தால் குவாட், சவுண்ட்லேப் பக்கம் போகலாம். ஹைபிரிட்டே அவருக்கு வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அடுத்த முறை ஸ்பீக்கர் பார்க்கப் போகும்போது வூஃபர் எத்தனை இஞ்ச் என்று கேட்காதீர்கள். க்ராஸ்ஓவர் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். பின்சுவரிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி வைக்க உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பணத்தில் ஒரு பங்கை அறைக்கு ஒதுக்குங்கள், மூலைகளில் பேஸை உறிஞ்சும் தடுப்புகளுக்கு, கனமான திரைக்கு, புத்தக அலமாரிக்கு. முடிந்தால் ஸ்பீக்கரை வீட்டுக்கு வரவழைத்து, உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரியைப் போட்டுக் கேட்டபிறகு பணம் கொடுங்கள். பேஸ் எங்கே முடிந்து குரல் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். அந்த இடம் அகப்படாத ஸ்பீக்கர் எதுவோ, அதையே வாங்குங்கள்.